குழாய்த் தண்ணீர் 29 டிகிரி

கருப்பு வெள்ளைப் பிலிமுக்குத் திரும்பியவர்களின் கேள்விகள் இந்த மாதம் நிறைய வந்திருக்கின்றன. நாலு கேள்விகளுக்கு மட்டும் இடம் இருக்கிறது, முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன். அதே கோளாறைப் பாதிப்பேர் வேறு வேறு வார்த்தையில் எழுதியிருந்தீர்கள்.

கல்லூரியில் படிக்கும்போது பிலிம் கழுவிப் பழகினேன். 25 வருடம் கழித்து இப்போதுதான் மறுபடியும் டேங்கை எடுத்தேன். எச்பி5 பிளஸ் பிலிம், படத்தை வரவழைக்கும் மருந்து ஐடி-11 டெவலப்பர். சொல்லியிருந்தபடி சரியாக ஏழரை நிமிடம் வைத்தேன். இரண்டு ரோலும் கனத்துக் கருத்துப்போய்விட்டன, வானம் இருக்கும் இடமெல்லாம் ஒரே கருப்பு. கேமராவில் கோளாறா, மருந்தில் கோளாறா?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

கேமராவும் சரி, மருந்தும் சரி. தண்ணீரைப் பாருங்கள். அந்த ஏழரை நிமிடம் 20 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. ஜார்ஜ்டவுனில் என் வீட்டுக் குழாயில் மத்தியானம் தெர்மாமீட்டரை வைத்தால் 29 காட்டும், கூரைத் தொட்டியில் வெயில் காய்ந்து வரும் தண்ணீர் அது. ஒரு டிகிரி ஏறினால் டெவலப்பரின் வேகம் சுமார் பத்தில் ஒரு பங்கு கூடும் என்று வைத்துக்கொண்டால், ஒன்பது டிகிரிக்கு உங்கள் பிலிம் தேவைக்கு இரண்டு மடங்குக்கு மேல் வெந்திருக்கிறது.

அப்படியானால் நேரத்தைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். குறைத்தால் மூன்று நிமிடச் சொச்சத்துக்கு வந்து நிற்கும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனாலே ஆபத்து, ஏனென்றால் மருந்தை ஊற்றவும் கொட்டவும் ஆகும் அரை நிமிடமே பெரிய பங்காகிவிடுகிறது, படத்தின் ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் மெலிந்தும் வரும், பல்துளை ஓரமாகக் கோடு கோடாக விழும். அதனால் மருந்தை நீர்க்க வையுங்கள். ஐடி-11 ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு. இந்தக் கலவையில் எச்பி5 பிளஸ் 20 டிகிரியில் 13 நிமிடம், 24 டிகிரியில் சுமார் 9 நிமிடம். நம் ஊரில் 20 டிகிரியைப் பிடித்து நிறுத்தப் போராட வேண்டாம், 24 கைக்கு எட்டும்.

எட்ட வைப்பதும் சுலபம். ஒரு ரோலுக்கு 300 மில்லி போதும், அதில் பாதி தண்ணீர்தானே, அந்தப் பாதியைக் குளிர்ப்பெட்டித் தண்ணீராக ஊற்றுங்கள். மருந்து 29 இருந்தால், 19 டிகிரித் தண்ணீர் சேர்த்தால் கலவை 24க்கு வந்துவிடும். அப்புறம் ஒரு பேசினில் 24 டிகிரித் தண்ணீர் வைத்து டேங்கை அதிலேயே நிற்க வையுங்கள், சூடு ஏறுவதாகத் தெரிந்தால் இரண்டு ஐஸ் கட்டி.

நான் வேலை பழகிய ஸ்டூடியோவில் டெவலப்பருக்கு மட்டும் ஐஸ் வைத்துவிட்டு, கழுவுவதை நேராகக் குழாயடியில் கழுவுவார்கள். அந்தக் காலத்துப் பிலிம்களில் அதனாலேயே, படத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலம் சுருங்கி, வறண்ட வயல்போல வெடிப்பு விழுந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்றைய பிலிம்கள் ரொம்பவே தாங்கும். இருந்தாலும் டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாமே அந்த 24க்குப் பக்கத்தில் இருக்கட்டும். சூடான தண்ணீரில் ஜெலட்டின் இளகிப்போய், நகம் பட்டாலே கீறிவிடும். கழுவுவதற்கு நிறையத் தண்ணீரும் வேண்டாம்: டேங்கை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்து எடுத்துக் கொட்டுங்கள், புதுத் தண்ணீரில் பத்து முறை, மறுபடி புதுத் தண்ணீரில் இருபது முறை, முடிந்தது. இப்படிக் கழுவினால் குளிர்ந்த தண்ணீர் ஒரு லிட்டருக்குள் வேலை தீர்ந்துவிடும்.

அந்த இரண்டு ரோலையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தாளில் பிரிண்ட் போடும்போது, கருப்பு வெள்ளை வேறுபாட்டைக் குறைக்கும் 0 அல்லது 1 எண் ஃபில்டர் போட்டு, நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரின் விளக்கை நீண்ட நேரம் எரிய விட்டால் நல்ல படங்கள் கிடைக்கும்.

தைப்பூசத்தில் பத்துமலையில் ஒரு ரோல் எடுத்தேன். முகங்களெல்லாம் வெறும் நிழலாக இருக்கின்றன. வெளிச்சமாகப் பிரிண்ட் போட்டால் சாம்பல் பூசினமாதிரி ஆகிவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகி, செந்தூல்

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தர சாம்பல் நிறமாக ஆக்கப் பார்க்கும். பின்னால் வெளுத்த வானம், சுண்ணாம்புப் பாறை, முன்னால் நம் கருத்த முகம். மீட்டர் வானத்துக்குக் கணக்குப் போட்டுவிட்டு முகத்தைக் கைவிட்டுவிடும். சரி, முகத்துக்கு நேரே வைத்து அளந்தால்? அப்போது கருத்த தோலைச் சாம்பலாக்கும் அளவுக்கு ஒளி கொடுத்துவிடும், நெற்றியில் விபூதி வெந்துபோகும்.

உங்கள் உள்ளங்கையில் அளந்து பழகுங்கள். உடம்பு எந்த நிறமாக இருந்தாலும் உள்ளங்கையின் வெளுப்பு ஆளுக்கு ஆள் அவ்வளவாக மாறாது, நடுச் சாம்பலைவிடச் சுமார் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, வெளிச்சம். முகத்தின்மேல் விழும் அதே ஒளியில் கையை நீட்டி அளந்து, அதிலிருந்து ஒரு ஸ்டாப் திறந்து வையுங்கள். கூட்டத்தில் நெருங்க முடியாதபோதும் இது கைகொடுக்கும்.

பிரிண்டில் சாம்பல் பூசினமாதிரி வருவது இரண்டு காரணத்தால். ஒன்று, நெகட்டிவில் முகத்துக்கு ஒளி போதாமல் விவரமே இல்லை, அதைத் தாளில் வரவழைக்க முடியாது. இன்னொன்று, முகத்தை வெளுக்க வைக்க வேண்டும் என்கிற பழக்கம். கல்யாண ஆல்பங்களில் எத்தனை பேரை இப்படி வெளுக்கடித்துவிட்டோம்! கருத்த தோலின் அழகு அதன் மினுக்கத்தில் இருக்கிறது, கன்னத்திலும் தோளிலும் வியர்வை பட்டு ஒளி தெறிக்கும் இடத்தில். அது வர, கருப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டும் மூன்றாம் எண் ஃபில்டர் போடுங்கள், தோல் கருப்பாகவே இருக்கட்டும், அந்த மினுக்கம் தானாக எழும். விபூதியும் வெள்ளை வேட்டியும் அப்போது வெறும் தாளாகத் தெரிந்தால், அந்த இடத்துக்கு மட்டும் 0 எண் ஃபில்டரில் கூடுதலாகக் கொஞ்ச நேரம் ஒளி கொடுங்கள், அட்டையில் ஓட்டை போட்டு அசைத்துக்கொண்டே.

பக்தர்களின் மஞ்சள் ஆடை இந்தப் பிலிமில் வெளிர் சாம்பலாகத்தான் விழும். வானம் கருக்கட்டும் என்று மஞ்சள் ஃபில்டர் மாட்டினால் ஆடை இன்னும் வெளுக்கும். 42.7 மீட்டர் உயர முருகன் சிலைக்கும் இதே கதை, பொன்னிறமும் பாறையும் ஒரே சாம்பலில் கலந்துவிடும், பக்கவாட்டு வெயில் வரும் நேரம் பார்த்து எடுங்கள்.

எனக்கு 63 வயது. தாத்தா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் எடுத்த நெகட்டிவ்கள் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. திறந்தால் காடி வாடை அடிக்கிறது, சிலது சுருண்டுவிட்டது. கழுவினால் சரியாகுமா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

கழுவவே கழுவாதீர்கள் ஐயா. இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்றதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு உங்களுக்குத்தான் முதலில் பதில் எழுதினேன்.

அந்த வாடை அசிட்டேட் பிலிம் சிதைவதால் வருவது, நிஜமாகவே காடியில் இருக்கும் அதே அமிலம். ஒருமுறை தொடங்கினால் வெளிவரும் அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும், மூடிய டின்னுக்குள் பக்கத்து நெகட்டிவ்களையும் கெடுக்கும். நம் ஊர் வெக்கையும் ஈரப்பதமும் அதற்குத் தீனி. திருப்பிச் சரிசெய்ய வழி இல்லை, மெதுவாக்க மட்டும்தான் முடியும். வாடை அடிப்பதைத் தனியாகவும் அடிக்காததைத் தனியாகவும் பிரித்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காகித உறையில் போட்டு, கேமரா வைக்கும் டிரை கேபினெட்டில் 40 சதவிகித ஈரப்பதத்தில் வையுங்கள். பூஞ்சை பிடித்த இடத்தில் தண்ணீர் பட்டால் படமே கரைந்து போய்விடும், பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் நிற்காது.

முதலில் சுருண்டவற்றைப் படமாக்குங்கள், ஸ்கேனோ பிரிண்ட்டோ எது முடிகிறதோ அது. அடிப்பகுதி சுருங்கச் சுருங்க மேலே இருக்கும் படம் மடிப்பு மடிப்பாக எழும்பிவிடும், அதற்குப் பிறகு என்லார்ஜரில் தட்டையாக நிற்காது. வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, இது எந்தத் தோட்டம், எந்த லயம், யார் யார் என்று கேட்டு உறையின்மேல் பென்சிலில் எழுதுங்கள். எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதியாக மாறிவிட்டன, அங்கே இருந்தவர்களின் முகம் இந்த மாதிரி டின்களில்தான் மிச்சம்.

நான் அடுக்குமாடியில் இருக்கிறேன், வயது 24. பிலிமைக் கழுவி ஸ்கேன் செய்கிறேன். இருட்டறை இல்லாமல் பிரிண்ட் போட முடியுமா? அவசியம் போடத்தான் வேண்டுமா?
– வாசகர், செராஸ்

போடுங்கள் தம்பி. நெகட்டிவில் எவ்வளவு இருக்கிறது என்பது தாளில்தான் தெரியும், எங்கே ஒளி போதவில்லை என்று அடுத்த ரோலை எடுக்கும்போதே கை சொல்லும்.

ராத்திரி எட்டு மணிக்குமேல் குளியலறை போதும், கதவு இடுக்குக்குக் கருப்புத் துணி, காற்றுக்கு எக்ஸாஸ்ட் விசிறி. என்லார்ஜர் ஒரு பக்கம், மருந்துத் தட்டுகள் மறுபக்கம், ஈரக் கை அந்தப் பக்கம் போகக்கூடாது. பழைய என்லார்ஜர் வாங்கும்போது லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலைபோல் தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். 35 மில்லிமீட்டர் பிலிமுக்கு 50 மில்லிமீட்டர் லென்ஸ். பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்சி தாளில் ஆரம்பியுங்கள், இரண்டு நிமிடம் கழுவினால் போதும். பிரிண்டுக்கு 28 டிகிரி பரவாயில்லை, தாள் பிலிம்போல முரண்டு பிடிக்காது, சீக்கிரம் வந்துவிடும் அவ்வளவுதான். ஆனால் தட்டில் மருந்தும் சீக்கிரம் செத்துப்போகும், ஒரு ராத்திரிக்குமேல் வைக்காதீர்கள்.

தாளைக் கெடுக்காது என்று இருட்டறையில் எரிய விடும் விளக்கான சேஃப்லைட்டை நம்புவதற்கு முன், ஒரு தாளுக்கு என்லார்ஜரில் லேசான சாம்பல் வரும் அளவு ஒளி கொடுத்து, மேலே ஒரு காசை வைத்து, சேஃப்லைட்டின் கீழ் ஐந்து நிமிடம் விட்டு டெவலப் செய்யுங்கள். காசின் வட்டம் தெரிந்தால் விளக்கு தாளைக் கெடுக்கிறது, தள்ளி வையுங்கள்.

பழைய ஃபிக்ஸரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி முழுக்க அதில்தான் இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் கேனில் சேர்த்துவைத்து, பிலிம் கழுவும் லேப் ஏதாவது வாங்கிக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். கேன்மேல் பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பூட்டியே வையுங்கள்.