மருந்து முடிந்த பிறகும் பொசிட்டிவ் ஏன்?

கேள்வி: எச்.ஐ.வி.க்கு மருந்து எடுக்கிறேன். ஆறு மாதக் காசநோய்ச் சிகிச்சையும் முடிந்துவிட்டது, கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. பிறகு தனியாரிடம் குவான்டிஃபெரோன் என்ற காசநோய் இரத்தப் பரிசோதனை செய்தேன், பொசிட்டிவ், அளவும் முந்தியதைவிடக் கூட. மிச்சக் குளிசைகள் வீட்டில் இருக்கின்றன, தொடங்கட்டுமா? கைக்குழந்தையைத் தூக்கப் பயமாக இருக்கிறது.
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: இந்த ரிப்போட்டுக்காகப் பிள்ளையைத் தூக்காமல் இருக்க வேண்டாம், தம்பி. இந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதே இல்லை, கிருமியின் புரதங்களைக் கண்டதும் உங்கள் இரத்த அணுக்கள் இன்டர்ஃபெரோன் காமா என்ற எதிர்ப்புப் பொருளைச் சுரக்கின்றனவா என்றுதான் பார்க்கிறது. கிருமி செத்து வருடக்கணக்கான பிறகும் பலருக்கு அது பொசிட்டிவாகவே இருக்கும். எச்.ஐ.வி. மருந்தால் சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) ஏறும்போது அளவு கூடுவதும் உண்டு. மாறாக, சிடி4 மிகக் குறைந்தவருக்கு நோய் இருக்கும்போதே நெகட்டிவ் வரலாம். சுகமானதா என்று பார்க்க இது உதவாது, இனிமேல் காசைக் கொட்டாதீர்கள்.

எனக்குக் கவலை வேறு. ஆறு மாதமும் ஒழுங்காக விழுங்கியிருந்தால் குளிசை எப்படி மிஞ்சியது? இடையில் விட்டிருந்தால் மறைக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள், அப்படி இடையில் விட்டால்தான் நோய் திரும்பக்கூடும். அந்தக் குளிசைகளை நீங்களாகத் தொடவே வேண்டாம். அதில் இருக்கும் ரிஃபாம்பிசின், டொலுடெக்ராவிர் போன்ற எச்.ஐ.வி. மருந்தின் அளவை இரத்தத்தில் இறக்கிவிடும், இரண்டும் சேரும்போது டொலுடெக்ராவிரை நாங்கள் இரண்டு வேளையாகக் கூட்டிக் கொடுப்பது அதனால்தான். இன்டர்நெட்டைப் பார்த்துத் தொடங்கினால் இரண்டு நோயும் கைமீறும்.

கவனிக்க வேண்டியது உடம்பை. மாதம் ஒரு தடவை நிறை பாருங்கள். பெரும்போக அரிவு வெட்டில் வெயிலில் நின்றுதான் மெலிந்தேன் என்று நம்ம ஆட்கள் காரணம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், மூன்று நாலு கிலோ போன பிறகுதான் வருவார்கள். நிறை குறைந்தால், சட்டை நனைய இரவில் வேர்த்தால், காய்ச்சலோ இருமலோ வந்தால் (எச்.ஐ.வி. உள்ளவர் இருமலுக்கு இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது) உடனே மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போய்ச் சளி கொடுங்கள். பார்மசியில் லெவோஃப்ளொக்சசின் என்ற அன்டிபயோடிக் வாங்கிப் போட்டுவிட்டு வராதீர்கள். அது காசநோயைக் கொஞ்ச நாள் அமுக்கி, சளியில் கிருமி தெரியாமல் செய்துவிடும்.

உங்களுக்கு நோய் கண்ட நேரத்தில், பிள்ளைக்குத் தொற்றியதா என்று பார்க்க மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் காட்டியிருக்காவிட்டால் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.