காதில் மெழுகுவத்தி ஏற்றினால் குறும்பி வெளியே வருமா?

வராது.

பதில் அவ்வளவுதான். ஆனால் "ஊட்டிக்கு வந்த இடத்தில் காது அடைத்துக்கொண்டது, தங்கியிருக்கிற ரிசார்ட்டில் சுத்தமான தேன்மெழுகு வத்தியைக் காதில் வைத்துக் கொளுத்தி அழுக்கை உறிஞ்சி எடுக்கிறார்களாம், போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த 'சுத்தமான தேன்மெழுகு' என்பதைப் படித்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. நாங்கள் கோத்தகிரிப் பக்கம் தேனும் மெழுகும் விற்றுப் பிழைக்கிற குடும்பம். போட்டிக்காரன் வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்று யாராவது சொல்வீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். காதில் வைக்கிற வத்தியை நாங்கள் விற்பதே இல்லை, ஏன் விற்பதில்லை என்று கீழே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சந்தேகம். நீங்கள் சமவெளியிலிருந்து காரில் ஏறி வந்திருப்பீர்கள், கொஞ்சம் சளியும் இருந்திருக்கும். சரியா? அப்படியானால் உங்கள் காதில் இருப்பது அழுக்கே இல்லாமல் இருக்கலாம். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம் உயரம், ஊட்டி 2240 மீட்டர். மலை ஏற ஏற வெளியே காற்றழுத்தம் குறைந்துகொண்டே வரும், செவிப்பறைக்குப் பின்னால் இருக்கிற காற்று உள்ளேயிருந்து தள்ளும். மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் சின்னக் குழாய் ஒன்று அவ்வப்போது திறந்து இதைச் சமன்செய்ய வேண்டும். எச்சில் விழுங்கும்போது 'டப்' என்று காது திறக்கிறதே, அதுதான் அது. சளி பிடித்திருந்தால் அந்தக் குழாய் வீங்கி மூடிக்கொள்ளும். ஆக அடைப்பு பறைக்கு உள்பக்கம், வத்தி ஏற்றுவது வெளிப்பக்கம். நடுவில் பறை இருக்கிறது. என்னதான் எரித்தாலும் அந்தப் பக்கம் எதுவும் நடக்காது. எங்கள் கடைக்கு வருகிற டூரிஸ்ட்டுகளில் பாதிப்பேர் காதைத் தேய்த்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள், ஒரு டீ குடித்து நாலு வார்த்தை பேசுவதற்குள் சரியாகிவிடும்.

இப்போது வத்தி விஷயம். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ரிசார்ட்டிலிருந்து (பேர் வேண்டாம்) ஒரு பையன் வந்தான். மாதிரிக்கு ஒரு வத்தியைக் கல்லாப் பெட்டிமேல் வைத்தான். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட நீளம், உள்ளே பொள்ளல், காடாத்துணியை மெழுகில் முக்கிச் சுருட்டியது, ஒரு முனை காதில் நிற்கிற மாதிரி கூம்பியிருந்தது. "இதே மாதிரி உங்க மெழுகுல சுத்திக் குடுங்கண்ணா, மாசாமாசம் எடுத்துக்கறோம்" என்றான். வியாபாரம் என்றால் ஆசை வரத்தானே செய்யும். என் வீட்டுக்காரிதான், "எதுக்கும் ஒருக்கா பத்த வச்சுப் பாத்துடலாம்" என்றாள்.

காலி ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை எடுத்து, மூடியில் ஓட்டை போட்டு, வத்தியின் கூம்பு முனையை அதில் இறக்கி, மேலே கொளுத்தினோம். நாலு விரல்கடை மிச்சம் இருக்கும்போது அணைத்துவிட்டு, பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரித்தேன். உள்ளே பழுப்பும் மஞ்சளுமாகப் பொடி, நடுவில் பிசுபிசுவென்று ஒரு கட்டி, ஓரமெல்லாம் கரி. யாரிடம் காட்டினாலும் காது அழுக்கு என்று சத்தியம் பண்ணுவார்கள். பாட்டிலுக்கு ஏது காது?

மெழுகோடு புழங்குகிறவனுக்கு இது புரியாத விஷயமில்லை. குழலுக்குள் காற்று போதாமல் துணி அரைகுறையாகக் கருகுகிறது, முழுசாக எரியாத மெழுகு ஆவி புகையோடு கீழே இறங்கிக் குளிர்ந்து படிகிறது. அதைத்தான் ஸ்பாவில் கீறிக் காட்டி, "பாத்தீங்களா, எவ்வளவு வந்திருக்கு" என்கிறார்கள். பாட்டிலின் அடியில் இரண்டு சொட்டு மெழுகும் விழுந்து உறைந்திருந்தது. தேன்மெழுகு உருகவே 62, 64 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சொட்டு காதுக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தோம், ஆர்டர் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். இதைப் பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். துணி சுருட்ட ஆள் கிடைக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

புகைபோக்கி மாதிரி மேலே இழுக்கும் என்பது விற்பவர்கள் சொல்கிற விளக்கம். எங்கள் ஊரில் டீ ஃபேக்டரிப் புகைபோக்கியைப் பார்க்காதவர் கிடையாது. அது இழுப்பதற்குக் கீழே காற்று நுழைய வழி வேண்டும். காது ஒரு பக்கம் மூடிய பொந்து, அதன் வாயையும் வத்தியால் அடைத்துவிட்டால் எந்தக் காற்று எங்கிருந்து வரும்? அப்படியே இழுத்தாலும், தோலோடு ஒட்டிக்கிடக்கிற குறும்பியைப் பெயர்க்கிற அளவுக்கு இழுத்தால் செவிப்பறை தாங்குமா?

சரி, நாங்கள் செய்து கொடுக்கவில்லை, அவர்கள் வேறு எங்கிருந்தோ வாங்கிக்கொண்டார்கள். கதை அங்கே முடிந்திருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன்.

என் சித்தப்பா மலைப்பாதையில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இரண்டு காதும் மந்தம், ஒரு காதில் மெஷின் வைத்திருக்கிறார். மெஷின் போடுகிறவர்களுக்கு அழுக்கு வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சேரும். போதாததற்கு இவர் தீக்குச்சி வைத்துக் குடைகிற ஆள், வெளியே வர இருந்ததையும் உள்ளே தள்ளி இறுக்கி வைத்திருந்தார். பெங்களூரிலிருந்து வந்த மாப்பிள்ளை, "ஒரு தடவை பாருங்க மாமா, நல்லா இருக்கும்" என்று தான் தங்கியிருந்த இடத்துக்கே கூட்டிப்போய்ப் பணமும் கட்டிவிட்டார். மாப்பிள்ளை ஆசையாகச் சொன்னால் சித்தப்பாவால் மறுக்க முடியுமா? திரும்பி வரும்போது அந்தக் கீறிய வத்தித் துண்டைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பிரித்துக் காட்டினார். "முப்பது வருஷ அழுக்குடா!" காது லேசாகிவிட்டது என்றும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. மெத்தையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மெல்லிசாகப் பாட்டு போட்டு, கடைசியில் தலையையும் பிடித்துவிட்டால் எனக்கும் லேசாகத்தான் இருக்கும்.

ராத்திரி வலி ஆரம்பித்தது. விடிந்தபோது அந்தக் காதில் மெஷின் போட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அது மே மாதம். சீசனில் ஊட்டி வண்டிகளை எல்லாம் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவார்கள், அதனால் எங்கள் ரோட்டில் நாங்களே வரிசையில் நிற்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் இருக்கிறது, இருந்தும் சனி ஞாயிறு நிலைமை நீங்களே பார்த்திருப்பீர்கள். காதைப் பொத்திக்கொண்டு சித்தப்பா முன் சீட்டில், முன்னால் போகிற வண்டியின் ஜன்னலில் யாரோ உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிறார்கள். அது வேறு பஞ்சாயத்து, விடுங்கள்.

கோயம்புத்தூரில் காது மூக்கு தொண்டை டாக்டர் மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்து, மெல்லிய கொக்கியால் முதலில் எடுத்தது வெள்ளையாக ஒரு சில்லு. பச்சரிசி அளவு இருக்கும், ஒரு பக்கம் காதுத் துவாரத்தின் வளைவு அப்படியே பதிந்திருந்தது. அது விழுந்த இடத்தில் தோல் சிவந்து கொப்புளம். அதற்குப் பின்னால் பழைய குறும்பி கறுப்பாக, கெட்டியாக, துளி குறையாமல் உட்கார்ந்திருந்தது. பொட்டலத்தில் ஊரெல்லாம் பார்த்த முப்பது வருஷ அழுக்கு எங்கே போயிற்று என்று சித்தப்பாவே கேட்டார். கொப்புளம் ஆறின பிறகு வரச்சொல்லி, எண்ணெய்ச் சொட்டு போட்டு ஊறவைத்து, சின்ன உறிஞ்சிக் குழலால் அதை எடுத்தார்கள்.

டாக்டர் பஞ்சுமேல் வைத்த அந்தச் சில்லை நான் நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். அருவருப்பாக இருந்தால் மன்னியுங்கள், தொழில்புத்தி. வாசனையே இல்லை. தேன்மெழுகு எத்தனை பழசானாலும் லேசான தேன் மணம் அதைவிட்டுப் போகாது. இது பாரஃபின், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிற மெழுகு. போர்டில் மட்டும் நூறு சதவீதம் தேன்மெழுகு!

இதுதான் எனக்கு ஆறவே இல்லை. தேனடையைப் பிழிந்து, சக்கையை வெந்நீரில் காய்ச்சி, துணியில் வடிகட்டி, மேலே மிதந்து உறைகிற மெழுகை எடுத்து, அதைத் திரும்பவும் உருக்கி வடிகட்டி, இத்தனையும் செய்தால் கையளவுதான் தேறும். மலைத்தேன் எடுக்கிறவர்கள் பாறையில் கொடியைக் கட்டித் தொங்கிக் கொண்டுவருகிற சரக்கு. ரோட்டோரத்தில் வெல்லப்பாகைப் பாட்டிலில் ஊற்றி மலைத்தேன் என்கிறான், மஞ்சள் சாயம் போட்ட பாரஃபினைத் தேன்மெழுகு என்கிறான், வாங்குகிறவர் எங்களிடம் வந்து "உங்க கடையில மட்டும் ஏன் இவ்வளவு வெலை?" என்கிறார். எங்கள் ஊர்க் குளிரில் நல்ல தேன்மெழுகைக் கொஞ்ச நாள் வைத்திருந்தால் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும், துடைத்தால் போய்விடும். அதைப் பார்த்துப் பூஞ்சை என்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

ஒரு ஆளின் கதையை வைத்துப் பேசாதே என்பவர்களுக்காக: 1996-இல் அமெரிக்கக் காது மருத்துவர்கள் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். காதைப் போன்ற மாதிரி அமைப்பில் வத்தியை எரித்து அழுத்தத்தை அளந்தார்கள், உறிஞ்சுவதற்கான எந்த அறிகுறியும் இல்லை. எட்டுக் காதுகளில் செய்து பார்த்தார்கள், அழுக்கு எதிலும் குறையவில்லை, சிலவற்றில் வத்தியின் மெழுகு புதிதாகப் போய் உட்கார்ந்திருந்தது. 122 மருத்துவர்களைக் கேட்டதில், இதனால் காயம்பட்ட 21 காதுகளைப் பற்றிச் சொன்னார்கள். பெரும்பாலும் தீக்காயம், அடுத்தது மெழுகு அடைப்பு, ஒன்றில் பறையே கிழிந்திருக்கிறது. 2010-இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இதை வாங்காதீர்கள் என்று எச்சரித்தது. வைத்தியம் என்று சொல்லி இதை விற்கக் கனடாவில் அனுமதி இல்லை.

அட்டையில் 'ஹோப்பி பழங்குடியினர் முறை' என்று போட்டிருந்தாலும் மயங்க வேண்டாம். அரிசோனாவில் இருக்கிற அந்த மக்களே, எங்களிடம் அப்படி ஒரு வழக்கம் கிடையாது, எங்கள் பேரைப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். நாளைக்கு இங்கே நீலகிரிப் பழங்குடிகளான குறும்பர் பேரைப் போட்டு விற்றாலும் ஆச்சரியமில்லை. எங்களுக்கு மெழுகு கொண்டுவரும் குறும்பர் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "காதுல எதுக்கு நெருப்பு?" என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

நான் டாக்டர் இல்லை. நாட்டு வைத்தியத்துக்கு எதிரியும் இல்லை. தலைவலி வந்தால் எனக்கு நீலகிரித் தைலம்தான், பித்தவெடிப்புக்கு எங்கள் மெழுகில் தேங்காய் எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய களிம்புதான். பலன் தருவது எது, தராதது எது என்று பார்த்துத்தான் சொல்கிறேன். நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிச் சூடாக ஊற்றுவது, கோழி இறகு விடுவது, ஹேர்பின், பட்ஸ் எல்லாமே வேண்டாம். குறும்பி கெட்டது இல்லை, தூசியையும் ஈரத்தையும் தடுக்கத்தான் உடம்பு அதைச் செய்கிறது. காதுத் துவாரத்தின் தோல் மெதுவாக வெளிப்பக்கம் நகரும், மெல்லும்போது தாடை அசைவதும் உதவும், தானாக வந்து உதிர்ந்துவிடும்.

நிஜமாகவே அடைத்துவிட்டால், வலியோ சீழோ பறையில் ஓட்டையோ இல்லாதவர்கள் ஆலிவ் எண்ணெயோ மெடிக்கலில் கிடைக்கிற குறும்பி கரைக்கும் சொட்டு மருந்தோ சில நாள் விட்டால் இளகும். வராவிட்டால் டாக்டரிடம் போங்கள். உடம்புச் சூட்டில் தண்ணீர் பீய்ச்சியோ உறிஞ்சியோ எடுப்பார்கள். பச்சைத் தண்ணீரை வீட்டில் நீங்களே பீய்ச்சினால் தலை சுற்றிக் கீழே விழுவீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் எதையும் வீட்டில் செய்ய வேண்டாம்.

மலைப்பாதை அடைப்பு என்றால் இறங்கும்போதுதான் தொல்லை அதிகம், வெளியழுத்தம் கூடிப் பறையை உள்ளே தள்ளும். வாயில் எதையாவது மென்றுகொண்டே இருங்கள், அடிக்கடி விழுங்குங்கள். வாயை மூடி மூக்கைப் பிடித்து லேசாக ஊதிப் பாருங்கள், வம்பாக ஊதாதீர்கள். சளி அதிகம் இருந்தால் நடுவில் வண்டியை நிறுத்தி நிறுத்தி இறங்குங்கள். கைக்குழந்தை இருந்தால் பால் குடிக்க வைத்துக்கொண்டே இறங்குங்கள், தூங்க விடாதீர்கள். சனி ஞாயிறில் கிளம்புகிறீர்கள் என்றால் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் எங்கள் ரோட்டில் நிறுத்தவும் இடம் கிடைக்காது.