விண்கலத்தையே இழுத்த பிக்கப், என் டிரெய்லரை இழுக்காதா?

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் குடியிருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "2012 மாடல் டொயோட்டா டண்ட்ரா பிக்கப் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். இழுவைத் திறன் 9,000 பவுண்டு என்று கையேட்டில் இருக்கிறது. நான் பார்த்து வைத்திருக்கும் கேம்பிங் டிரெய்லர், சாமான் ஏற்றினால் 11,000 பவுண்டு வரும். அதை மாட்டிக்கொண்டு ஐ-5 நெடுஞ்சாலை வழியாகச் சாக்ரமெண்டோ வரை குடும்பத்தோடு போய்வர ஆசை. டிரெய்லரை விற்கிறவர், 'இதே வண்டிதான் எண்டவர் விண்கலத்தையே இழுத்தது, உங்கள் டிரெய்லர் எல்லாம் ஒரு பாரமா?' என்று வீடியோ போட்டுக் காட்டுகிறார். நம்பலாமா?"

வீடியோவை நம்பலாம். அவர் சொல்லும் முடிவை நம்ப வேண்டாம். இந்த டிரெய்லரை இந்த வண்டியில் மாட்டாதீர்கள்.

அன்று நடந்தது என்ன என்று முதலில் பார்ப்போம். 25 முறை விண்வெளிக்குப் போய்வந்து ஓய்வுபெற்ற எண்டவர், 2012 செப்டம்பரில் ஜம்போ விமானத்தின் முதுகில் ஏறி லாஸ் ஏஞ்சலிஸ் வந்து இறங்கியது. அங்கிருந்து கலிபோர்னியா அறிவியல் மையத்துக்கு ஏறக்குறைய 19 கிலோமீட்டர். அக்டோபர் 12 முதல் 14 வரை ஊர்த் தெருக்களின் வழியாகவே கொண்டு போனார்கள். இறக்கையின் அகலம் மட்டும் 78 அடி என்பதால், வழியில் 400 மரங்கள் வரை வெட்ட வேண்டியிருந்தது. அந்தப் பகுதி மக்களுக்கு அதில் இருந்த வருத்தம் நியாயமானதுதான்.

இந்த 19 கிலோமீட்டரையும் பிக்கப் இழுக்கவில்லை. பெரும்பாலான தூரம் விண்கலத்தைச் சுமந்தது, வரிசை வரிசையாகச் சக்கரம் வைத்து ரிமோட்டில் ஓடும் தானியங்கித் தாங்குவண்டிகள். இங்கிள்வுட்டில், கூரைமேல் ராட்சத டோனட் வைத்த கடைக்குப் பக்கத்தில், 405 நெடுஞ்சாலைக்கு மேலே ஒரு பாலம் இருக்கிறது. விண்கலத்தின் எடையோடு அந்தத் தாங்குவண்டிகளின் எடையும் சேர்ந்தால் பாலத்துக்கு அனுமதித்த அளவைத் தாண்டும். அதனால் அந்த இடத்தில் மட்டும் விண்கலத்தை எடை குறைந்த, இன்ஜின் இல்லாத சக்கரவண்டிக்கு மாற்றினார்கள். இன்ஜின் இல்லாததை யாராவது இழுத்தாக வேண்டும். அறிவியல் மையத்தோடு ஏற்கெனவே தொடர்பிலிருந்த டொயோட்டாவுக்கு இது லட்டு மாதிரி வாய்ப்பு. நள்ளிரவை ஒட்டி, கேமராக்கள் சூழ, கடையில் கிடைக்கும் அதே வண்டி சில நூறு மீட்டர் இழுத்தது. அவ்வளவுதான்.

ஏமாற்று வேலை எதுவும் இல்லை. விண்கலமும் சக்கரவண்டியும் சேர்ந்து சுமார் 132 டன். 9,000 பவுண்டு, அதாவது 4 டன் சொச்சம் இழுக்கலாம் என்று எழுதிக் கொடுத்த வண்டி 132 டன்னை எப்படி இழுத்தது?

சுமையைத் தூக்குவது வேறு, உருட்டுவது வேறு. மட்டமான, நல்ல சாலையில் சக்கரத்தின் மேல் இருக்கும் 100 கிலோவை நகர்த்த ஒன்று அல்லது ஒன்றரை கிலோ விசை போதும். அந்தக் கணக்குப்படி 132 டன்னுக்குத் தேவை 1.3 முதல் 2 டன் வரை. முதல் கியரில் அந்த 5.7 லிட்டர் வி8 இன்ஜினால் சக்கரத்தில் 2 டன் அளவுக்கு விசை கொடுக்க முடியும். லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் கியர்) போட்டால் அதற்கும் இரண்டரை மடங்கு. அப்போது திணறுவது இன்ஜின் அல்ல, டயர்தான். ஏறக்குறைய இரண்டரை டன் எடையுள்ள வண்டி, நான்கு சக்கரமும் உழைத்தாலும், காய்ந்த சாலையில் 2 டன்னுக்கு மேல் பிடிமானம் கிடைப்பது கஷ்டம். ஆக, வண்டி தன் எல்லையை ஒட்டித்தான் இழுத்திருக்கிறது. நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு இருந்தால் இன்னொரு 1.3 டன் விசை தேவைப்படும். அந்த இடத்தில் நல்ல மேடு இருந்திருந்தால் இந்த விளம்பரமே நடந்திருக்காது.

இரும்புத் தண்டவாளமாக இருந்தால் உருட்டுவது இன்னும் சுலபம். மலேசியத் தமிழரான வேலு ராதாகிருஷ்ணன் 2003-இல் கோலாலம்பூர் நிலையத்தில் 260.8 டன் எடையுள்ள ரயில்களைப் பல்லால் கடித்து 4.2 மீட்டர் இழுத்தார். எண்டவரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! அதற்காக அவரை ரயில் இன்ஜினுக்குப் பதிலாக யாரும் பூட்ட மாட்டார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். அந்த இரவில் மூன்று சிக்கல்கள் இல்லவே இல்லை: வேகம், சரிவு, கொக்கியின் மேல் அழுத்தும் பாரம். உங்கள் பயணத்தில் மூன்றும் உண்டு.

வேகம்: விண்கலம் போனது ஆள் நடக்கும் வேகத்தில், மணிக்கு 3 கிலோமீட்டர் அளவில். கலிபோர்னியாவில் டிரெய்லர் மாட்டிய வண்டிக்கு உச்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர். உங்கள் வண்டி, டிரெய்லர், ஆட்கள் எல்லாம் சேர்ந்து 8 டன் என்று வையுங்கள். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், 55 மைலில் ஓடும் உங்கள் 8 டன்னில், அன்று உருண்ட 132 டன்னில் இருந்ததைப் போல சுமார் 50 மடங்கு ஆற்றல் இருக்கும். இழுப்பதை விட நிறுத்துவதுதான் பெரிய வேலை. தேர் இழுக்கிற இடத்தில் வடம் பிடிக்க ஊரே வரும். ஆனால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் மட்டும் தொழில் தெரிந்தவராக இருப்பார். அதே கதைதான்.

சரிவு: நீங்கள் வடக்கே போகும்போது டெஹோன் கணவாயைத் தாண்ட வேண்டும். 1,263 மீட்டர் உயரம். அதற்கப்புறம் கிரேப்வைன் இறக்கம், நூற்றுக்கு ஆறு சரிவு. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே அங்கே தனிப் பாதைகள் போட்டிருக்கிறார்கள் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். உச்சியிலிருந்து அடிவாரம் வரை சுமார் 800 மீட்டர் இறங்குகிறீர்கள். 8 டன் அவ்வளவு இறங்கும்போது வெளிவரும் சூடு, 200 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் உருளும் டயரும் இன்ஜினும் இதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் முழுக்க பிரேக்கின் தலையில்தான் விழும்.

மூன்றாவதுதான் பலர் மறந்துவிடுவது. விண்கலத்தின் முழு பாரத்தையும் அதன் சக்கரவண்டியே தாங்கியது. பிக்கப்பின் கொக்கிக்கு வந்தது முன்னே இழுக்கும் விசை மட்டும். கேம்பிங் டிரெய்லர் அப்படி இல்லை. அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் அமர வேண்டும். உங்கள் 11,000 பவுண்டுக்கு, அதாவது 5 டன்னுக்கு, அது 500 முதல் 750 கிலோ. இந்த வகை வண்டிகள் சுமக்கக்கூடிய மொத்த பாரமே பொதுவாக 600, 700 கிலோதான். நீங்கள், மனைவி, பிள்ளைகள், ஐஸ் பெட்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காது.

கொக்கி பாரத்தைக் குறைக்கிறேன் என்று சாமானைப் பின்பக்கம் தள்ளிவிடாதீர்கள். நான் ஒரு தடவை வாடகை டிரெய்லரில் வீட்டு சாமானை ஏற்றும்போது, இறக்க வசதியாக இருக்கட்டும் என்று பீரோவைக் கடைசியில் வைத்தேன். 50 மைல் வேகத்தைத் தாண்டியதும் டிரெய்லர் மாட்டு வால் மாதிரி இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் பிடித்துக்கொண்டு ஓரம்கட்டும் வரை மூச்சு வரவில்லை. பீரோ ஒன்றுதான் காரணம்.

இன்னொன்று. அந்த 9,000 பவுண்டு என்ற எண் சும்மா பயந்து போட்டதில்லை. ஒரு காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எண் போட்டது. பிறகு வாகனப் பொறியாளர்கள் சங்கமான எஸ்ஏஇ வகுத்த ஜே2807 என்ற பொதுச் சோதனை முறை வந்தது. அரிசோனாவில் டேவிஸ் அணை அருகே 11.4 மைல் ஏற்றத்தை, 38 டிகிரி வெயிலில், ஏசியை முழுதாக ஓடவிட்டு, குறைந்தபட்ச வேகம் குறையாமல் ஏற வேண்டும். நூற்றுக்கு பன்னிரண்டு சரிவில் நின்று நின்று கிளம்பியும் காட்ட வேண்டும். அந்த முறைக்கு முதலில் மாறியது டொயோட்டாதான், 2011 மாடலில். விண்கலத்தை இழுத்து விளம்பரம் செய்த அதே கம்பெனி, அதே டண்ட்ராவுக்கு, நாலு டன் சொச்சத்துக்கு மேல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது.

சட்டமும் குறுக்கே நிற்கும். 10,000 பவுண்டைத் தாண்டிய கேம்பிங் டிரெய்லரை இழுக்க, கலிபோர்னியாவில் சாதாரண கார் லைசென்ஸ் போதாது. வணிகம் சாரா ஏ வகுப்பு லைசென்ஸ் வேண்டும். அது விற்கிறவர் காட்டிய வீடியோவில் வராது.

என்ன செய்யலாம்? டிரெய்லர்தான் முக்கியம் என்றால் ஒரு அளவு பெரிய பிக்கப்பும் அந்த லைசென்ஸும் வேண்டும். வண்டிதான் முக்கியம் என்றால், சாமானோடு சேர்த்து 6,500, 7,000 பவுண்டுக்குள் முடிகிற டிரெய்லரைத் தேடுங்கள். அப்போது கொக்கி பாரம் 300, 400 கிலோவில் நிற்கும். டிரெய்லரின் காலி எடையைப் பார்க்காதீர்கள், ஸ்டிக்கரில் இருக்கும் அதிகபட்ச மொத்த எடையைப் பாருங்கள். உங்கள் வண்டியின் டிரைவர் கதவைத் திறந்தால் தூணிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் போட்டிருக்கும். அதிலிருந்து குடும்பத்தின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் கொக்கிக்கு. டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருக்க வேண்டும், அதை இயக்கும் கன்ட்ரோலர் வண்டியில் பொருத்தியிருக்க வேண்டும். முதல் பயணத்துக்கு முன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, லாரிகள் நிற்கும் இடத்தில் உள்ள எடைமேடையில் ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள்.

கிரேப்வைனில் இறங்கும்போது உச்சியிலேயே கியரைக் குறைத்துவிடுங்கள், பாதி இறக்கத்தில் குறைக்கலாம் என்று இருக்காதீர்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு, மறுபடி அழுத்துங்கள். கருகிய வாடை வந்தால் ஓரம்கட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும் சக்கரத்தில் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டாம்.