அன்றாடம் அணிய வசதியான கழுத்துக் கத்தி எது?

கழுத்துக் கத்தி என்பது உறையோடு கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிடும், மடங்காத சிறிய கத்தி. திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் வள்ளத்தில் நின்று ஒரு கையால் வலையைப் பிடித்திருப்பவர், மறு கையால் தங்கூசி என்னும் நைலோன் இழையை அறுக்க ஏற்றது. சாரத்து மடிப்பில் துழாவ அப்போது நேரம் இருக்காது.

வசதியைத் தீர்மானிப்பது எடை. பள்ளிப் பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலைப் பாருங்கள்: வெறுமையாக இருந்தால் கழுத்தில் கிடப்பதே தெரியாது, நிரம்பியிருந்தால் குனியும்போதெல்லாம் நெஞ்சில் இடிக்கும். உறையோடு 100 கிராமுக்குள் இருக்கட்டும்; அலகு 5 முதல் 7 சென்ரிமீற்றர் தாராளம்.

உறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கத்தி பெரும்பாலும் பிடி கீழே வரும்படி தலைகீழாகத் தொங்கும். உறை அதை இறுகக் கவ்வ வேண்டும். வாங்குமுன் மேசைக்கு மேல் உறையைக் கவிழ்த்து உதறுங்கள். கத்தி நழுவினால் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தோல் உறை பார்க்க அழகுதான். ஆனால் வியர்வையையும் உப்புநீரையும் குடித்து அலகைத் துருவேற்றும். கடலோரத்துக்குக் கெட்டிப் பிளாஸ்டிக் உறையே மேல். நகருக்குப் பஸ் ஏறும்போது கழற்றி வையுங்கள். பொலிஸாருக்கு விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்.

அறுபடாத தடித்த கயிறே பாதுகாப்பு என்று பலர் நினைப்பது தவறு: வலையிலோ இயந்திரத்திலோ சிக்கினால் கத்தி போகலாம், கழுத்து தப்ப வேண்டும்; ஆகவே பலமாக இழுத்தால் கழன்றுவிடும் கொளுவியுள்ள கயிற்றையே போடுங்கள்.