கையெழுத்துப் போடுமுன் எதைப் படிக்க வேண்டும்?

கேள்வி: என் கதைமாந்தர்கள் நெல்லைக்காரர்கள். வட்டார வழக்கில் பேசவைத்தால், படித்துப் பார்த்தவர்கள் புரியவில்லை என்கிறார்கள். பொதுத்தமிழுக்கு மாற்றிவிடலாமா?
(வாசகி, பாளையங்கோட்டை)

மாற்ற வேண்டாம். ஊரைக் காட்டுவது வினைமுற்றும் விளியும்தான்: 'சொல்லுதேன்', 'வந்தாவ', 'ஏட்டி'. இவை இருந்தாலே போதும். அதற்கு மேல் ஒவ்வொரு சொல்லையும் காதில் விழுந்தபடியே எழுதினால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்க நேரும், கதை அங்கேயே நின்றுபோகும். ஒரே சொல் ஓரிடத்தில் 'போயிட்டு', இன்னோரிடத்தில் 'போய்ட்டு' என்று வருவதும் இடறும். எந்தச் சொல்லை எப்படி எழுதுகிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்துவைத்து, கடைசித் திருத்தத்தில் ஒப்பிடுங்கள்.

யார் யாரிடம் பேசுகிறார் என்பது இன்னும் முக்கியம். 'என்னல' என்பது கூட்டாளியிடமும் இளையவனிடமும் வரும், அப்பாவிடம் வராது. இந்த மரியாதை வேறுபாடே பேசுபவரை அடையாளம் காட்டிவிடுவதால், இருவர் மட்டும் பேசும் இடங்களில் 'என்றான்', 'என்றார்' பாதியை வெட்டிவிடலாம்.

கேள்வி: முதல் நாவலை வெளியிட ஒரு பதிப்பகம் முன்வந்திருக்கிறது. 'அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே' என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?
(வாசகர், தேனி)

அந்த வரியை அப்படியே விட்டுவிட்டுப் போடாதீர்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் தனித்தனி உரிமைகள். அச்சுநூல் மட்டும் போடுகிறவருக்கு அச்சுரிமை மட்டும் போதும். மற்றவை ஆசிரியரிடமே இருக்கும் என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்தது காலம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமையை மாற்றித்தரும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். 'அச்சில் இருக்கும்வரை' என்ற சொற்றொடர் இருந்தால் எச்சரிக்கை. தேவைக்கேற்ப ஒவ்வொரு பிரதியாக அச்சிடும் வசதி வந்தபிறகு எந்த நூலும் அச்சில் இல்லாமல் போவதே இல்லை. உரிமை திரும்பவே வராது. அதற்குப் பதிலாக, 'ஓராண்டில் 50 பிரதிகளுக்குக் குறைவாக விற்றால் உரிமை ஆசிரியருக்குத் திரும்பும்' என்பதுபோல ஓர் எண்ணைக் கேளுங்கள்.

ராயல்டி, அதாவது விற்பனையில் ஆசிரியருக்கு வரும் பங்கு, 10 சதவீதம் என்றால், எதில் 10 சதவீதம்? விலை 250 ரூபாய், விற்றது 500 பிரதி என்று வையுங்கள். அட்டை விலையில் கணக்கிட்டால் 12,500 ரூபாய். விற்பனையாளருக்கு 35 சதவீதம் கழிவு போக மீதியில் கணக்கிட்டால் 8,125 ரூபாய். இரண்டுமே நடைமுறையில் உண்டு, எது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கணக்கு எந்த மாதத்தில் வரும் என்பதும் இருக்கட்டும். முதல் நூல்தானே என்று கேட்கத் தயங்குகிறவர்கள் அதிகம். தயங்காதீர்கள், இவற்றைக் கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: நூலை நானே வெளியிட்டால் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு எவ்வளவு செலவாகும்?
(வாசகர், கரூர்)

செலவே இல்லை. ஐஎஸ்பிஎன் என்பது ஒவ்வொரு நூலுக்குமான அடையாள எண். அதை வழங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் ஆசிரியரே இலவசமாக விண்ணப்பிக்கலாம். புத்தகக் காட்சி நெருங்கும்வரை காத்திருக்காமல், எழுத்து முடிந்ததுமே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: நான் அனுப்பிய கோப்பு அச்சகத்தில் எழுத்துகள் உடைந்து வந்தது. ஏன்?
(வாசகி, சேலம்)

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள். அதை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றியபின் கொம்பும் காலும் சேரும் 'கொ', 'போ' போன்ற எழுத்துகளையும், 'ஸ்ரீ', 'க்ஷ' ஆகியவற்றையும் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் உடையும். 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்துகள் நிற்கலாம். கண்ணுக்குத் தெரியாது, தேடினால் மட்டுமே அகப்படும். வேர்ட் கோப்புடன் பிடிஎஃப் ஒன்றையும் அனுப்பிவையுங்கள். அதைப் பார்த்தால் உங்கள் திரையில் எப்படி இருந்தது என்று பக்கம் வடிவமைப்பவருக்குத் தெரியும்.