பிளக்கும் மாத்தியாச்சு, காயிலும் மாத்தியாச்சு, மிஸ்ஸிங் மட்டும் போகல

கேள்வி: வணக்கம்ங்க. போன தீபாவளிக்கு முன்னாடி ஒரு செகண்ட்ஸ் கார் எடுத்தேனுங்க. 2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், மீட்டர்ல 82,000 கிலோமீட்டர். எடுத்த ரெண்டாவது வாரத்துல இருந்தே மிஸ்ஸிங். காலைல பூ மாதிரி ஓடுது, ஒரு இருபது நிமிஷம் ஓடி சூடாயிட்டா சிக்னல்ல நிக்கறப்ப கிடுகிடுன்னு ஆடுது, இன்ஜின் லைட்டு எரியுது, சில நேரம் மினுக் மினுக்குன்னு அடிக்குது. பைபாஸ்ல 80-ல போனா ஒண்ணுமே தெரியறதில்லைங்க. ஸ்கேனர்ல பி0303-ன்னு வருது. நாலு பிளக், மூணாவது சிலிண்டர் காயில் (பிளக்குக்கு கரண்ட் குடுக்கறது), இன்ஜெக்டர் கிளீனிங், திராட்டில் கிளீனிங், கடைசியா பெட்ரோல் பம்பு, இதுவரை 19,000 ரூபா ஆச்சு. இப்ப ஈசிஎம், அதான் இன்ஜின் கம்ப்யூட்டர், மாத்தணும்ங்கறாங்க. மாத்திரலாமுங்களா?
- பெருந்துறை வாசகர்

பதில்: வேண்டாங்க, கையை அப்படியே வைங்க. ஈசிஎம் போனா அது சூடு பாத்து, சிக்னல் பாத்து, மூணாவது சிலிண்டரை மட்டும் பாத்து வேலை காட்டறது ரொம்ப அபூர்வம். நீங்க எழுதினதுலயே பாதி பதில் இருக்கு, அதை யாரும் காது குடுத்து கேக்கல.

பி0303-ன்னா மூணாவது சிலிண்டர்ல மிஸ்ஸிங், அங்க பெட்ரோல் சரியா எரியல, அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். ஏன்னு அது சொல்லாது. மூணாவது காயில் போச்சுன்னு சொல்றதா நினைச்சுக்கிட்டு நம்ம ஆளுங்க நேரா கடைக்கு போயிடறாங்க. புதுசு வாங்கறதுக்கு முன்னாடி மூணாவது காயிலை கழட்டி ஒண்ணாவதுல போட்டு, ஒண்ணாவதை மூணாவதுல போட்டு ஓட்டியிருந்தா காசில்லாம தெரிஞ்சிருக்கும். மிஸ்ஸிங் கூடவே போய் பி0301-ன்னு வந்தா காயில், அங்கயே நின்னா காயில் இல்ல. பிளக்குக்கும் இதே கதைதான், இன்ஜெக்டரும் கழட்டற மாதிரி இருந்தா அதுக்கும் இதேதான்.

அடுத்தது, எப்ப மிஸ் ஆகுதுங்கறது. மேட்டுல ஏத்தறப்ப, ஓவர்டேக் பண்ண மிதிக்கறப்ப திக்கினா ஸ்பார்க் பக்கம் போகணும், ஏன்னா லோடு ஏறினா சிலிண்டருக்குள்ள அழுத்தம் கூடும், அந்த அழுத்தத்துல ஸ்பார்க் தாண்ட கஷ்டப்படும், வீக்கான காயில் அங்கதான் கையை விரிக்கும். உங்க வண்டி பைபாஸ்ல நல்லா போகுது, சும்மா நிக்கறப்பதான் ஆடுது. அப்படின்னா எங்கயோ ஏர் லீக் (வேண்டாத காத்து உள்ள வரது), இல்ல கம்ப்ரஷன் லீக் (சிலிண்டருக்குள்ள அழுத்தம் நிக்காம கசியறது). அதுலயும் இன்டேக் கேஸ்கெட்ல ஏர் லீக்னா பொதுவா காலைல குளிர்ல ஜாஸ்தி ஆடி சூடானா கொஞ்சம் அடங்கும். உங்களுக்கு அப்படியே தலைகீழா இருக்கு.

இதுக்கு மேல கடிதத்தை வெச்சு யோசிக்கறது வீண்னு இவருக்கு போன் போட்டு ரெண்டு விஷயம் கேட்டேன், இன்ஜினை மேல இருந்து ஒரு போட்டோ, ஆர்சி புக்கோட ஒரு போட்டோ. ஆர்சி புக் எதுக்குங்கன்னு சிரிச்சார். வந்த போட்டோவுல இன்டேக் மேனிபோல்டுல, அதான் இன்ஜினுக்கு காத்து போற குழாய்ல, கேஸ் விடறதுக்கு போட்ட மாதிரி வரிசையா நாலு ஓட்டை, நாலுலயும் பித்தளை போல்ட்டு வெச்சு அடைச்சிருக்கு. ஆர்சில எரிபொருள்னு இருக்கற இடத்துல பெட்ரோல்/எல்பிஜி. விஷயம் முடிஞ்சுது. பழைய ஓனர் கேஸ் கிட் போட்டு ஓட்டிட்டு, விக்கறதுக்கு முன்னாடி கழட்டி வெச்சுட்டு கொடுத்திருக்கார், புரோக்கர் வாயே திறக்கல. (செகண்ட்ஸ் வண்டி பாக்க போறவங்க ஆர்சில இருக்கற இந்த ஒரு வரியை எம்பரிவாஹன்ங்கற அரசாங்க ஆப்லயே பாத்துக்கலாம், அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி பாருங்க.)

கேஸ்ல ஓடினா என்னன்னு கேப்பீங்க. எல்பிஜி ஆவியா உள்ள போகுது, பெட்ரோல் மாதிரி ஈரமா போய் வால்வை நனைச்சு குளிர வைக்கறது கிடையாது. கேஸுக்குன்னு செய்யாத இன்ஜின்ல எக்ஸாஸ்ட் வால்வு உக்கார்ற சீட் கொஞ்சம் கொஞ்சமா தேயும், வால்வு மேல ஹெட்டுக்குள்ள ஏறும், அப்ப டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அமுக்கற பாகத்துக்கும் நடுவுல விடற சந்து, குறைஞ்சுகிட்டே வரும். குளிர்ல எப்படியோ மூடிக்கும். சூடானதும் வால்வு நீளுது, இடைவெளியே இல்லாததால முழுசா மூடாது, கம்ப்ரஷன் சைலன்சர் வழியா கசியுது. ஐடில்ல, அதான் சும்மா நிக்கறப்ப, பிஸ்டன் மெதுவா போறதால கசிய நேரம் இருக்கு, வேகமா ஓடறப்ப நேரம் இல்ல, அதான் பைபாஸ்ல தெரியல. ஹைட்ராலிக் டேப்பெட் இருக்கற இன்ஜின்னா கொஞ்ச நாள் தானே சரி பண்ணிக்கும், இவர் வண்டியில அது கிடையாது.

இருந்தாலும் நம்ம ஊகத்தை நம்பி ஹெட்டை இறக்க சொல்ல முடியாது இல்லையா. முதல்ல அந்த நாலு போல்ட்டை சுத்தி கார்ப் கிளீனர் அடிச்சு பாக்க சொன்னேன், ஐடில் மாறல, ஏர் லீக் இல்ல. அப்புறம் இன்ஜெக்டர் ஒயர்ல பழைய கிட்டுக்காரன் வெட்டி டேப் சுத்தின ஜாயின்ட் இருக்கான்னு பாக்க சொன்னேன், இருந்துச்சு, எல்லாத்தையும் சால்டர் வெச்சாச்சு, அப்பவும் மிஸ்ஸிங் அப்படியேதான். பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட், குளிர்ல ஒரு தடவை, நல்லா சூடு பண்ணி ஒரு தடவை. இதைத்தான் யாரும் செய்யறதில்ல, குளிர்ல மட்டும் பாத்துட்டு நல்லாருக்குன்னு மூடிடறாங்க. குளிர்ல 175, 170, 150, 175 பிஎஸ்ஐ. சூட்டுல மூணாவது மட்டும் 100-க்கு வந்துடுச்சு. பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊத்தி மறுபடி பாத்தாங்க, ஏறல. ஏறியிருந்தா பிஸ்டன் ரிங், ஏறலைன்னா வால்வு, இல்ல ஹெட் கேஸ்கெட். அதே ஓட்டை வழியா காத்தடிச்சு பாத்தப்ப சைலன்சர்ல உஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சாம். ஆயில் மூடில வந்தா ரிங், ரேடியேட்டர்ல குமிழி வந்தா ஹெட் கேஸ்கெட், சைலன்சர்ல வந்தா எக்ஸாஸ்ட் வால்வு, அதுல சந்தேகமே வேண்டாம்.

இப்ப செய்ய வேண்டியது, டேப்பெட் கவரை கழட்டி குளிர்ல ஃபீலர் கேஜ் வெச்சு அளக்கணும், கம்பெனி மேனுவல்ல உங்க இன்ஜினுக்கு போட்டிருக்கற அளவோட ஒப்பிடுங்க. இடைவெளி மட்டும்தான் குறைஞ்சிருக்குன்னா சரியான அளவு பக்கெட் (வால்வு தலைல உக்கார்ற மூடி) மாத்தி கொஞ்ச காலம் ஓட்டலாம். வால்வு விளிம்பு எரிஞ்சிருந்தா ஹெட்டை இறக்கி லேத்ல குடுத்து சீட் கட்டிங் பண்ணி வால்வு மாத்தறதுதான் வழி. செலவுதாங்க, ஆனா ஈசிஎம் விலைக்கு இது எவ்வளவோ பரவாயில்ல, வேலையும் முடியும். அதுவரைக்கும் லைட்டு மினுக்கறப்ப மிதிச்சு ஓட்டாதீங்க, எரியாத பெட்ரோல் புகையை சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல போய் எரிஞ்சு அதையும் சாப்பிட்டுடும். ஆர்சில எல்பிஜியையும் ஆர்டிஓ ஆபீஸ்ல நீக்கிடுங்க.

கேள்வி: என் 2011 பெட்ரோல் கார் நாலு மாசம் ஷெட்ல நின்னுச்சு. எடுத்ததுல இருந்து எல்லா சிலிண்டரும் மிஸ் ஆகுது, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் காரணம்ங்கறாங்க. நிஜமா சார்?
- திருச்சி வாசகர்

பதில்: தினம் ஓடற வண்டில எதுக்கெடுத்தாலும் இ20-ன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். உங்க வண்டி நின்ன வண்டி, அது வேற. எத்தனால் தண்ணியை இழுக்கும், தண்ணி அளவு மீறினா ரெண்டும் சேர்ந்து பிரிஞ்சு டேங்க் அடில போய் தங்கும், பம்பு இழுக்கறதும் அடில இருந்துதான். டேங்க்ல இருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு ரெண்டு மணி நேரம் ஆடாம வைங்க. ரெண்டு அடுக்கா தெரிஞ்சா டேங்கை முழுசா காலி பண்ணி, பெட்ரோல் பில்டரும் மாத்திட்டு புது பெட்ரோல் போடுங்க. தெரியலைன்னா மறுபடி எழுதுங்க.

கேள்வி: அப்பா வாங்கி குடுத்த பழைய ஸ்கூட்டர், 2013 மாடல். மழை பெய்ஞ்சா மட்டும் டப் டப்னு மிஸ் ஆகுது அண்ணா, வெயில் வந்தா சரியாயிடுது.
- தஞ்சாவூர் கல்லூரி மாணவி

பதில்: பிளக் கேப் வெடிச்சிருக்கும்மா. ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சுட்டு வண்டியை ஸ்டார்ட்ல வெச்சு, பிளக் ஒயர் மேல பூச்செடிக்கு அடிக்கற ஸ்பிரேயால லேசா தண்ணி அடிங்க, கை மட்டும் கிட்ட கொண்டு போகாதீங்க. ஒயர்ல இருந்து இன்ஜினுக்கு நீல நிறத்துல பொறி தாவறது தெரியும். கேப்பும் ஒயரும் மாத்தினா போதும், கார்பரேட்டரை கழட்டணும்னு யாராவது சொன்னா வண்டியை தள்ளிக்கிட்டு வீட்டுக்கு வந்துடுங்க.