பழைய சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள் (கேள்வி-பதில்)

பழைய எம்.டி.பி. (மவுண்டன் பைக்) ஒன்று கடையில் வாங்கினேன். '29 இன்ச், உங்கள் உயரத்துக்குச் சரியாக இருக்கும்' என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்கள். என் உயரம் 5 அடி 5 அங்குலம். இறங்கி நின்றால் பார் (சீட்டிலிருந்து ஹேண்டிலுக்குப் போகும் மேல்குழாய்) இடிக்கிறது. 'சீட்டை இறக்குங்கள், பழகிவிடும்' என்கிறார்கள். (திருச்சி வாசகர்)

சீட்டை இறக்கினால் சீட்தான் இறங்கும், பார் இறங்காது. உங்கள் மேல் தவறில்லை. கேட்டுத்தான் வாங்கியிருக்கிறீர்கள், பொய் சொல்லி விற்றிருக்கிறார்கள். அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வையுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடை என்பதால் இந்த வழி இருக்கிறது. தனிநபர் தன் பழைய வண்டியை விற்றிருந்தால் நுகர்வோர் சட்டம் கைகொடுப்பது அரிது.

இனி என் பழைய புலம்பல். 29 என்பது சக்கரத்தின் அளவு. 26, 27.5, 700சி எல்லாமே சக்கரம்தான். ஒரே 29 இன்ச் சக்கரத்தில் 15 இன்ச் ஃப்ரேமும் வரும், 21 இன்ச் ஃப்ரேமும் வரும். முன்னது குள்ளமானவருக்கு, பின்னது ஆறடிக்காரருக்கு. கறுப்பு வண்டிக் காலத்தில் இதில் குழப்பமில்லை. சக்கரம் 28, ஃப்ரேம் 22 அல்லது 24 என்று இரண்டும் தனித்தனியாகவே புழங்கின. இப்போது விற்பவருக்கும் ஒரே எண், வாங்குபவருக்கும் ஒரே எண், அதுவும் தவறான எண்.

ஃப்ரேம் அளவு என்பது பெடல் கிராங்க் சுழலும் அச்சின் நடுவிலிருந்து, சீட் கம்பி நுழையும் குழாயின் மேல்விளிம்பு வரை உள்ள நீளம். சில கம்பெனிகள் விளிம்பு வரை அளக்காமல், பார் வந்து சேரும் இடத்தின் நடுவோடு நிறுத்திவிடும். அதில் ஒன்றிரண்டு செ.மீ. குறையும். அதனால் ஸ்டிக்கரை நம்பாமல் நீங்களே அளங்கள்.

எனக்கு எந்த சைஸ் என்று எப்படித் தெரிந்துகொள்வது? (மதுரை வாசகி)

உயரத்தை விட்டுவிட்டுக் காலை அளங்கள். செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்ட நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையே, சீட்டில் உட்காரும் அழுத்தத்துக்கு மேலே தள்ளி, அதன் மேல்விளிம்பைச் சுவரில் குறியுங்கள். தரையிலிருந்து அந்தக் குறி வரை உள்கால் அளவு. 80 செ.மீ. என்று வையுங்கள். ரோடு வண்டிக்கு (மெல்லிய டயர் ரேஸ் சைக்கிள்) 0.67-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 54 செ.மீ.; எம்.டி.பி.க்கு 0.225-ஆல் பெருக்கினால் 18 இன்ச்.

இது தொடக்கம்தான். பார் சரிந்திருக்கும் வண்டிகளில் இந்த எண் ஏமாற்றும். அங்கே சீட் கம்பியின் நடுவிலிருந்து ஹேண்டில் குழாயின் மேல்நுனி வரை டேப்பைத் தரைக்கு இணையாகப் பிடித்து அளந்து, உங்களுக்கு வசதியாக இருக்கும் வண்டி ஒன்றோடு ஒப்பிடுங்கள். பாரின் இரு பக்கமும் கால் ஊன்றி நின்றால் ரோடு வண்டியில் 2–3 செ.மீ., எம்.டி.பி.யில் 5 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும்.

என் அளவு இரண்டு சைஸுக்கு நடுவில் வருகிறது. எதை வாங்க?

சிறியதை.

பையனுக்கு 10 வயது. வளர்கிற பிள்ளை என்று 26 இன்ச் பெரிய ஃப்ரேமாகப் பார்க்கிறோம்.

வளரட்டும், பிறகு வாங்குங்கள். இப்போது வாங்கினால் பிரேக்குக்கு விரல் எட்டாது, நிறுத்தினால் கால் ஊன்றாது.

விற்பவர் வெளியூர். சைஸ் கேட்டால் 'மீடியம்' என்கிறார். விலை நல்ல விலை, முன்பணம் அனுப்பிவிட்டேன். (கோவை வாசகர்)

அனுப்பிய பிறகு எனக்கு எழுதி என்ன பயன்? ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் லார்ஜ். மீதிப் பணத்துக்கு முன்னால் டேப் வைத்து எடுத்த மூன்று படங்கள் கேளுங்கள்: சீட் குழாய், பாரின் கிடை நீளம், தரையிலிருந்து பாரின் நடு வரை உயரம். மறுத்தால் முன்பணத்தோடு போகட்டும். படத்தை மட்டும் பார்த்து 60 செ.மீ. ஃப்ரேம் வாங்கி, பாதி விலைக்குத் தள்ளியவன் சொல்கிறேன்.

ஃப்ரேம் சரியான சைஸ். ஆனால் சீட் கம்பி அசையவே இல்லை. எண்ணெய் விட்டால் வந்துவிடும் என்கிறார் விற்பவர்.

அப்படியென்றால் அவரே விட்டு எடுத்துத் தரட்டும். இரும்பு ஃப்ரேமில் அலுமினியக் கம்பி வருடக்கணக்கில் வியர்வையும் மழைநீரும் குடித்தால் அரித்து, உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். சில சமயம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். உங்கள் சீட் உயரம், அதாவது கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல் வரை, உள்கால் அளவில் சுமார் 0.88 பங்கு. அதற்குக் கம்பி ஏறி இறங்க வேண்டும். நகரும் கம்பியையும் முழுதாக உருவிப் பாருங்கள். அடியில் ஒரு கோடு இருக்கும். உங்கள் உயரத்துக்கு ஏற்றும்போது அந்தக் கோடு வெளியே தெரிந்தால் ஃப்ரேம் உங்களுக்குச் சிறிது. அப்படியே ஓட்டினால் குழாயே விரிசல் விடும்.

பெரிய ஃப்ரேம் வாங்கிவிட்டேன். ஸ்டெம்மை (ஹேண்டிலை ஃப்ரேமோடு இணைக்கும் துண்டு) குட்டையாக்கினால் போதுமா?

கை எட்டாததுதான் குறை, அதுவும் 1–2 செ.மீ. என்றால் போதும்: 110 மி.மீ. ஸ்டெம்மை 90 ஆக்கலாம். வாங்கும்முன் ஸ்டெம் ஹேண்டிலைப் பிடிக்கும் இடத்தின் விட்டம் 25.4 மி.மீ.யா 31.8 மி.மீ.யா என்று பாருங்கள், ஒன்று மற்றதற்குச் சேராது. எட்டவில்லை என்று சீட்டை முன்னால் தள்ளாதீர்கள், முட்டி வலிக்கும். பார் இடிக்கிறது என்றால் எந்த ஸ்டெம்மும் உதவாது. விற்றுவிடுங்கள், விளம்பரத்தில் ஃப்ரேம் அளவைப் போட்டு.